27.5 அங்குலச் சக்கரமும் பி.ஏ.பி. வாய்க்கால் கரையும்: எட்டு மாத அனுபவம்

எனக்கு வேண்டியது எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் ஒரே சைக்கிள். வாரத்தில் ஐந்து நாள் பொள்ளாச்சியிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். அதில் 4 கிலோமீட்டர் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்டம்) கிளை வாய்க்காலின் கரை: மண், சரளை, டிராக்டர் தடம். ஞாயிற்றுக்கிழமை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சுற்ற வேண்டும். என்றைக்காவது ஆழியாறு தாண்டி வால்பாறை மலைப்பாதையில் ஏற வேண்டும். கையில் இருந்தது 25,000 ரூபாய்.

இதற்கு முன் வைத்திருந்தது 26 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பாதி பலத்தைப் பின் ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்ளும். ஒன்றரை வருடத்தில் பின் ஆக்சில் (சக்கர அச்சு) இரண்டு முறை வளைந்தது. அதனால் இந்த முறை ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தேன்: இந்த விலைக்குள் பின் ஸ்பிரிங் வேண்டாம், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மட்டும் இருந்தால் போதும். குறைந்த பணத்தில் இரண்டு ஸ்பிரிங் கொடுக்கிறார்கள் என்றால் கியர், பிரேக், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மூன்றிலும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சக்கர அளவு

என்னை அதிக நாள் குழப்பியது இதுதான். பெயரில் இருக்கும் எண்ணை நம்பாமல் ரிம்மில் டயர் உட்காரும் விட்டத்தைப் பார்த்த பிறகுதான் தெளிவு வந்தது. 26 அங்குலம் என்பது 559 மில்லிமீட்டர், 27.5 என்பது 584, 29 என்பது 622. பெயரைப் பார்த்தால் 27.5 சரியாக நடுவில் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது 26-க்குத்தான் பக்கம். 25 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 29-க்கும் அதற்கும் இடைவெளி 38.

26 எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் மலைச்சரிவில் பழைய சைக்கிள்களை இறக்கி ஓட்டியவர்களுக்கு, தடித்த டயர் கிடைத்த அளவு அதுதான். ஆக, கிடைத்ததை வைத்து வந்த அளவு அது. 2012 லண்டன் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் போட்டியில் 29 அங்குலத்தில் ஓட்டிய செக் வீரர் குல்ஹாவி தங்கமும், 27.5-இல் ஓட்டிய சுவிஸ் வீரர் ஷூர்ட்டர் வெள்ளியும் வென்றார்கள். இருவரும் கோட்டைத் தொட்டது ஒரு நொடி இடைவெளியில். அதைப் படித்ததும் எது சிறந்தது என்று தேடுவதை விட்டுவிட்டு, என் உயரத்துக்கும் என் பாதைக்கும் எது ஒத்துவரும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

உடன் வேலை பார்ப்பவரின் 29-ஐ ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டினேன். வாய்க்கால் கரையில் அது அருமையாகப் போனது. சக்கரம் பெரிதாக இருப்பதால் கல்லில் முட்டி நிற்காமல் ஏறி இறங்கிவிடுகிறது. டிராக்டர் தடத்தின் குழிகளும் சின்னதாகிவிட்டதுபோல இருந்தது. ஆனால் நான் 160 சென்டிமீட்டர் உயரம். சின்ன ஃபிரேம் என்றாலும் ஹேண்டில்பார் மேலே தூக்கி நின்றது. தோப்புக்குள் மெதுவாகத் திரும்பும்போது கால் பெருவிரல் முன் டயரில் உரசியது. 175-க்கு மேல் உயரம் இருப்பவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் 29 வாங்கச் சொல்வேன். எனக்கு அது இல்லை.

அப்புறம் கியர் கணக்கு. அந்த 29-இல் முன்னால் சிறிய பல்சக்கரம் 24 பல், பின்னால் பெரியது 28 பல். மிக இலகுவான கியரில் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 1.96 மீட்டர் நகரும். நான் கடைசியில் வாங்கிய 27.5-இல் முன்னால் அதே 24, பின்னால் 32. ஒரு சுற்றுக்கு 1.63 மீட்டர். மலை ஏறும்போது முழங்காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். சக்கரம் பெரிதானால் கியரும் அதற்கேற்ப இலகுவாக இருக்க வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

வாங்கியது

முந்தைய வருட மாடல், அலுமினிய ஃபிரேம், 3x8 கியர் (முன்னால் 3, பின்னால் 8 பல்சக்கரம்), கேபிள் டிஸ்க் பிரேக், 20,800 ரூபாய். பின் பல்சக்கரத் தொகுதி ஹப்பில் திருகி மாட்டும் ஃப்ரீவீல் வகை இல்லை, செருகி மாட்டும் கேசட் வகை என்பதுதான் முடிவை உறுதி செய்தது. ஃப்ரீவீல் வகையில் செயின் பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி இருக்கும்; ஆக்சிலின் நீண்ட பகுதிக்குத் தாங்கல் இருக்காது. என் பழைய ஆக்சில் வளைந்ததற்குக் காரணம் அதுவே. ஹெல்மெட் 1,600, பம்பும் இரண்டு டியூபும் பஞ்சர் பெட்டியும் 900. மீதி 1,700-ஐ டயருக்கென்று எடுத்து வைத்தேன்.

முதல் மூன்று மாதம்

ஏழு பஞ்சர். எல்லாமே சீமைக்கருவேல முள். நான் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடைப் பெரியவர், "அம்மிணி, இந்த அளவுக்கு டியூப் நம்மகிட்ட வராதுங்க. 26 போட்டுத் தரேன், ஊருக்குப் போய் மாத்திக்குங்க" என்றார். 26 டியூபைக் கொஞ்சம் இழுத்து மாட்டினார். மூன்று நாள் ஓடியது. இது தெரிந்ததும் 27.5-க்கு டியூப் கிடைக்காதே என்ற என் பெரிய பயம் போய்விட்டது. பழைய டியூப்களை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் டியூபுக்கும் நடுவே கொடுக்கச் சொன்னதும் அவர்தான். அதன்பிறகு இரண்டே பஞ்சர். வால்வு மோட்டார் சைக்கிளில் இருக்கும் அதே வகை. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கலாம். வாங்கும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் 100 மில்லிமீட்டர் இறங்கும் என்று எழுதியிருக்கிறது. குழாயில் ஒரு பிளாஸ்டிக் டேகைக் கட்டி அளந்தேன். 58 கிலோ எடைக்கு 55 மில்லிமீட்டருக்கு மேல் அது இறங்கவே இல்லை. ஸ்பிரிங் எனக்குக் கடினம். காற்றைக் குறைத்ததுதான் நிஜமான சஸ்பென்ஷன்: கடையில் 60 பிஎஸ்ஐ அடித்துக் கொடுத்திருந்தார்கள், கரையில் 32 வைத்தேன். கை மரத்துப்போவது நின்றது. தார்ச்சாலை அதிகம் உள்ள நாளில் 45.

ஐந்தாம் மாதம்

எடுத்து வைத்த பணத்தில் டயர் மாற்றினேன். நடுவில் தொடர்ச்சியான வரி, ஓரத்தில் மட்டும் கட்டைகள், 2 அங்குல அகலம். தார்ச்சாலையில் அந்த உறுமல் சத்தம் போனது. பள்ளிக்கு 40 நிமிடம் ஆனது இப்போது 35. மழை பெய்து கரை சேறானால் பின் சக்கரம் வழுக்குகிறது. அந்த நாள்களில் சுற்றுவழித் தார்ச்சாலையில் போய்விடுகிறேன். இத்தனை மாதத்தில் இந்தச் சைக்கிளை அதிகம் மாற்றியது இந்த 1,700 ரூபாய்தான்.

எட்டாம் மாதம்

ஆழியாறு வரை சமதளம். சோதனைச் சாவடி தாண்டி ஏற்றம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையை மட்டும் இலக்காக வைத்தேன். ஃபோர்க் ஸ்பிரிங் இறங்காதபடி பூட்டிவிட்டு 24-32 கியரிலேயே ஏறினேன். நான்காவது வளைவில் ஒருமுறை, ஏழாவதில் ஒருமுறை நின்றேன். இறங்கித் தள்ளவில்லை. மேலே தடுப்புச் சுவரில் இரண்டு வரையாடுகள் நின்றிருந்தன, கீழே அணை முழுதாகத் தெரிந்தது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறக்கத்தில் பின் பிரேக் லிவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு இளகிவிட்டது. ஆறாவது வளைவில் ஓரம் கட்டி, டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பரில் உள்ள திருகைத் திருப்பி பேடை (பிரேக் கட்டையை) டிஸ்க் பக்கம் நகர்த்திய பிறகுதான் மறுபடி இறங்கினேன். வீட்டில் கழற்றிப் பார்த்தால் பேடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. புது பேடு இரண்டு ஜோடி வாங்கியாயிற்று. அடுத்த முறை இருபதாவது வளைவு வரை.