மூன்றாம் வேறுபாட்டில் மாறி மாறி வந்த 2, 1: முக்கோண வலைக்குக் கிடைத்த சூத்திரம்

சமபக்க முக்கோணம் ஒன்றின் பக்கங்களைச் சம அலகுகளாகப் பிரித்து, பக்கங்களுக்கு இணையாக மூன்று திசைகளிலும் கோடுகள் இழுத்தால் உருவாகும் வலையில், சிறியதும் பெரியதுமாக மொத்தம் எத்தனை முக்கோணங்கள் இருக்கும் என்பதற்கான பொது உறுப்பு ஒருவழியாக நிரூபணத்தோடு கைக்கு வந்துவிட்டது. போட்டித் தேர்வுகளில் ‘படத்தில் உள்ள முக்கோணங்கள் எத்தனை’ என்று கேட்பார்களே, அதே வலைதான். ஆனால் அங்கே எண்ணிச் சொன்னால் போதும், இங்கே எந்தப் பக்க அளவுக்கும் பொருந்தும் சூத்திரம் வேண்டும்.

பக்கத்தில் உள்ள அலகுகளை ‘ப’ என்று குறித்துக்கொள்கிறேன். ப = 1 முதல் தொடர்வரிசை 1, 5, 13, 27, 48, 78, 118, 170 என்று போகிறது. வழக்கம்போல வேறுபாட்டு அட்டவணை போட்டால், அதாவது அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்களை ஒரு வரிசையாகவும், அவற்றின் வித்தியாசங்களை அதன் கீழே அடுத்த வரிசையாகவும் எழுதிக்கொண்டே போனால், முதல் வரிசை 4, 8, 14, 21, 30, 40, 52 என்றும், இரண்டாம் வரிசை 4, 6, 7, 9, 10, 12 என்றும் வருகின்றன. மூன்றாம் வரிசையில் ஒரே எண் நின்றிருந்தால் முப்படிக் கோவை என்று முடித்திருக்கலாம். அங்கே வருவதோ 2, 1, 2, 1, 2. இன்னும் கீழே இறங்கினால் −1, 1, −1, 1 என்றும், அடுத்து 2, −2, 2 என்றும், அதற்கடுத்து −4, 4 என்றும் ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. குறி மாறி மாறி, அளவு இரட்டித்து வரும் இந்தத் தடத்தைக் கண்டால் உள்ளே (−1)-இன் அடுக்கு ஒளிந்திருக்கிறது என்று பொருள். எத்தனை படி இறங்கினாலும் பூச்சியம் வராது.

ஆகவே ஒற்றை, இரட்டை உறுப்புகளைப் பிரித்துத் தனித்தனி அட்டவணை போட்டேன். இரட்டைப் பக்கங்களுக்கு, ப = 0 என்பதையும் சேர்த்து, 0, 5, 27, 78, 170; இவற்றின் வேறுபாடுகள் 5, 22, 51, 92; பிறகு 17, 29, 41; பிறகு 12, 12. ஒற்றைப் பக்கங்களுக்கு 1, 13, 48, 118, 235. வேறுபாடுகள் 12, 35, 70, 117. பிறகு 23, 35, 47. பிறகு அதே 12, 12. இரண்டும் ஒரே எண்ணில் போய் நின்றதைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை, இப்படி அட்டவணை போட்டுப் பழகியவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிசையின் முதல் எண்ணைக் கொண்டே பொது உறுப்பைத் தரும் நியூட்டனின் முன்னோக்கு வேறுபாட்டுச் சூத்திரத்தில் இட்டுச் சுருக்கினால், இரட்டைப் பக்கத்துக்கு ப(ப+2)(2ப+1)/8 என்றும், ஒற்றைப் பக்கத்துக்கு அதிலிருந்து 1/8 குறைவாகவும் கிடைக்கிறது.

ஆனால் சில உறுப்புகளுக்குப் பொருந்துவதாலேயே ஒரு சூத்திரத்தை நம்பிவிட முடியாது. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, எந்த மூன்று நாண்களும் உள்ளே ஒரே புள்ளியில் வெட்டாதபடி எல்லாவற்றையும் இணைத்தால் வரும் பகுதிகள் 1, 2, 4, 8, 16 என்று வளர்ந்து, அடுத்து 32 வராமல் 31 வருவது எல்லோரும் அறிந்த எச்சரிக்கை. எனவே படத்துக்கே திரும்பினேன். நேராக நிற்கும் முக்கோணங்கள் தொல்லை தருவதில்லை, அவை ப(ப+1)(ப+2)/6. சிக்கல் முழுவதும் தலைகீழ் முக்கோணங்களில்தான் இருக்கிறது. பக்கம் ‘க’ அலகு கொண்ட தலைகீழ் முக்கோணம் ஒன்று வலைக்குள் அடங்க வேண்டுமானால், அதைச் சூழ்ந்து 2க பக்கமுள்ள நேர் முக்கோணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஆகவே அவற்றின் எண்ணிக்கை (ப−2க+1)(ப−2க+2)/2. ப இரட்டையானால் கூட்டல் 1 + 6 + 15 என்றும், ஒற்றையானால் 3 + 10 + 21 என்றும் தொடங்குகிறது. அட்டவணையில் தெரிந்த 2, 1 ஊசலாட்டத்தின் வேர் இந்த 2க-வில் இருக்கிறது. இரண்டு கூட்டல்களையும் முடித்து நேர் முக்கோணங்களோடு சேர்த்தால், முன்பு கிடைத்த இரு சூத்திரங்களும் அப்படியே வருகின்றன.

அந்த 1/8-இல் நெடுநேரம் நின்றேன். ப ஒற்றையானால் ப+1 = 2ம என்று வைத்து, (2ம−1)(2ம+1)(4ம−1)-ஐ விரித்தால் 16ம³ − 4ம² − 4ம + 1 கிடைக்கிறது. நடுவில் உள்ள 4ம(ம+1), அடுத்தடுத்த இரு எண்களின் பெருக்கத்தைத் தாங்கியிருப்பதால் 8-ஆல் வகுபடும். மீதி எப்போதும் 1. ஆக, ப(ப+2)(2ப+1)/8 என்பதைக் கணக்கிட்டுப் பின்னப் பகுதியை விட்டுவிட்டால் போதும், ஒற்றை இரட்டை இரண்டுக்கும் ஒரே விதி. ப = 9 என்றால் 1881/8, அதாவது 235.

தாளைப் பற்றியும் ஒரு சொல். சதுரக் கட்டத் தாளில் இந்த வலையை வரைவது வீண் வேலை. கோணம் கண்ணை ஏமாற்றும். பொறியியல் வரைபடத்துக்கு விற்கும் ஐசோமெட்ரிக் புள்ளித்தாள் மிகப் பொருத்தம். அது கிடைக்காவிட்டால் இடைப்புள்ளிக் கோலத்துக்கு வைப்பதுபோல ஒன்றுவிட்டு ஒன்று நகர்த்திப் புள்ளி வைத்தாலே முக்கோண வலை தயார். விடையைச் சரிபார்க்க, நீல் ஸ்லோன் 1964-இல் சேகரிக்கத் தொடங்கிய முழு எண் தொடர்வரிசைக் களஞ்சியத்தில் ஏ002717 என்ற பதிவைப் பார்க்கலாம். சொந்தமாகக் கண்டுபிடித்த பிறகு பார்ப்பதே சுவை என்பது என் உறுதியான கருத்து.

ஒற்றை, இரட்டை என்று பிரிக்காமல் படத்திலிருந்தே நேரடியாக அந்த எட்டில் ஒரு பங்கைக் காட்டும் விளக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குள் அதே வலையில் இணைகரங்களை எண்ணத் தொடங்கிவிட்டேன். அடியில் ஒரு வரிசை கூட்டி, ப+2 புள்ளிகளில் நான்கைத் தேர்ந்தால் ஒரு திசைக்கு ஓர் இணைகரம் வீதம் அமைகிறது; மூன்று திசைகளுக்கும் சேர்த்து ப = 2-க்கு 3, ப = 3-க்கு 15. இந்தத் தொடர்வரிசையில் ஊசலாட்டம் இல்லை, நான்காம் வேறுபாடு 3 என்று நிலையாக நிற்கிறது.