ஷெட்டுத் தரையும் ஜீப்பு ஆயிலும்

மே 17, 2025, சனி

ஜீப்பை முற்றத்துக்கு எடுத்துவிட்டுப் பார்த்தால் ஷெட்டுத் தரை நடுவில் முறம் அகலத்துக்குக் கறுப்பு. வண்டி எப்போதும் மேலேயே நின்றதால் கண்ணில் படவே இல்லை. மழைக்கு முன்னால் அம்மாவுக்கு அங்கே தேங்காய் குவிக்க வேண்டும். "எண்ணெ தேங்காயில இருந்துதான் வரணும், தரையில இருந்து தேங்காய்க்கு ஏறப்படாது" என்றாள்.

ஓஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். அதுதான் முதல் தப்பு. ஆயில் தண்ணீரில் மிதந்து, வானவில் நிறம் காட்டிக்கொண்டே வாசல்வரை போனது. முறம் இப்போது பாய் ஆகிவிட்டது.

மே 18, ஞாயிறு

ஒழுக்கை அடைக்காமல் தரையைத் தேய்த்து என்ன பயன்? அடியில் படுத்துப் பார்த்தேன். ஆயில் இறக்கும் போல்ட்டில் சொட்டு நிற்கிறது. போன மாதம் ஆயில் மாற்றிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் நசுங்கிப்போன பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். போன் செய்தால் "பழைய வண்டின்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்கிறார்கள். மார்த்தாண்டத்தில் புது செம்பு வாஷர் வாங்கி நானே போட்டேன், சொட்டு நின்றது.

அப்புறம் மர மில்லிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் கொண்டுவந்து கொட்டி, செருப்புக் காலால் நன்றாக மிதித்து, சாயங்காலம் கூட்டி அள்ளினேன். மேலே நின்ற ஈரப்பிசுக்கு எல்லாம் போய்விட்டது. கறை மட்டும் அப்படியே இருக்கிறது.

மே 19, திங்கள்

சித்தப்பா வந்தார். "மக்கா, ரப்பர் பாலுக்கு ஊத்துற ஆசிட் வீட்டுல கெடக்கு, ஒரு சொட்டு விட்டுப் பாப்பமா?" தண்ணீர் கலந்து ஒரு மூலையில் மட்டும் விட்டோம். சொர்ரென்று நுரைத்தது, அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கழுவிப் பார்த்தால் சிமெண்டின் தோல் உரிந்து மணல் தெரிகிறது, ஆயில் பக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. ஃபார்மிக் ஆசிட் சிமெண்டைத்தான் தின்னும், எண்ணெயைத் தொடாது. மண்ணெண்ணெயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது கறையை இளக்கி இன்னும் உள்ளே இறக்கிவிடும்.

மே 21, புதன்

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவை சோடாதான் சரி. ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணீருக்குச் சுமார் நூறு கிராம், கூடக் கொஞ்சம் சோப்புத்தூள். ஊற்றி, காயவிடாமல் இருபது நிமிடம் ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். கம்பி பிரஷ் ஆகாது, உடைந்த கம்பி தரையில் கிடந்து துருக்கறை வேறு பிடிக்கும். கையுறை போடாமல் ஆரம்பித்ததால் விரல் தோல் வழுவழுத்து எரிந்தது.

மூன்று தடவை தேய்த்தேன். முதலில் கட்டன்சாயா நிறம், மூன்றாவதில் அரிசி கழுவிய தண்ணீர். "அத வாழை மூட்டுல விடாத, கெணறு பக்கத்துல இருக்கு" என்று அம்மா அடுக்களையிலிருந்தே சத்தம் போட்டாள். மிச்சமிருந்த மரத்தூளில் அத்தனையையும் ஊறவைத்துச் சாக்கில் கட்டியிருக்கிறேன்.

மே 22, வியாழன்

தரை காய்ந்ததும் கையால் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஓரத்தில் உடனே உறிஞ்சி ஈரமாக இருண்டது. நடுவில் சேம்பிலையில் நிற்கிற மாதிரி முத்துமுத்தாக நின்றது. அங்கே எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், கண்ணுக்கு வெளுத்தது ஏமாற்று.

கான்கிரீட் முழுக்கப் பொடித் துவாரம், உள்ளே போனதை மேலே இழுக்க வேண்டும். வெள்ளைக்கல் கோலப்பொடியைச் சோடாத் தண்ணீரில் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினேன். "ஜீப்புக்குக் கோலமா போடுத?" என்றாள் அம்மா.

மே 24, சனி

நேற்றுத் தாளை எடுத்துவிட்டேன், இனி பற்று தானாகக் காய வேண்டும். காயும்போதுதான் எண்ணெயும் ஈரத்தோடு ஏறி வரும். ஆனால் வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் இறங்கும் பருவமழை இன்றைக்கே இறங்கிவிட்டது. இங்கேயும் மூடிக்கிடக்கிறது, பற்று களிமண் மாதிரி ஈரமாகவே இருக்கிறது. டேபிள் ஃபேனைக் கீழே வைத்து ஓடவிட்டிருக்கிறேன். கரண்ட் பில்லுக்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டும்.

மே 27, செவ்வாய்

காய்ந்து வெடித்தது. தகரத்தால் சுரண்டினால் பாளம் பாளமாக வந்தது, வெள்ளையாக அப்பிய பொடி கருப்பட்டி நிறத்தில். கழுவி, துடைத்து, காயவைத்து மறுபடி தண்ணீர் தெளித்தேன். உள்ளங்கை அளவு இடம் தவிர மற்றதெல்லாம் உறிஞ்சியது. அதற்கு இன்னொரு பற்று போட வெயில் வர வேண்டும்.

அம்மா காத்திருக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு பழைய சாக்கை விரித்துத் தேங்காயைக் குவித்துவிட்டாள். ஜீப்பு முற்றத்தில் நனைகிறது.