காலாங் கரையில் ஆடிப்பெருக்கு

குளித்தலையில் காவிரிக்கு அகண்ட காவிரி என்று பெயர். கடம்பர் கோயில் துறையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் நிற்கிற ஆள் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஜூன் பிறந்தால் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒரே கேள்விதான்: "மேட்டூர் தெறந்தாச்சா?" தண்ணீர் வந்துசேரும் நாளில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஆற்றுக்கு ஓடுவாள். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் நுரையோடு ஊர்ந்து வருவதை அவள் பார்த்தே ஆக வேண்டும்.

2009இல், கல்யாணமான மூன்றாம் மாதம், சிங்கப்பூர் வந்தேன். பீஷானில் பூங்காவைப் பார்த்தபடி இருந்த வீவக புளோக்கில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒன்பதாவது மாடியில் வாடகை வீடு. சன்னலுக்குக் கீழே நேர்க்கோடு போட்டதுபோல ஒரு சிமென்ட் கால்வாய். நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர். "அதுதான் காலாங் ஆறு. இந்த நாட்டுலயே நீளமான ஆறு" என்று கணவர் காட்டினார். மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர் என்றும் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆறே இல்லாத ஊர் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை ஆறு என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

எதிர்வீட்டு அக்காதான் முதலில் என்னிடம் பேசியவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கால்வாயை அவர் லோங்காங் என்பார். சாக்கடைக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் இங்கே எல்லாரும் சொல்லும் மலாய்ச் சொல் அது. "மழை வர்றப்ப பாரும்மா" என்றார். ஒரு சாயங்காலம் பார்த்தேன். வானம் இருண்டு கொட்டத் தொடங்கிய சற்று நேரத்துக்குள் கால்வாய் நிறைந்து கரைதொட்டு இரைந்தது. மழை விட்டதும் பழையபடி கணுக்கால் தண்ணீர். பெய்த மழையைத் தேங்க விடாமல் சீக்கிரமாகக் கீழே அனுப்புவதற்காக அப்படிச் சிமென்ட் பூசி நேராக்கியிருந்தார்களாம். வெள்ளத்துக்குப் பயந்த ஊர் செய்த வேலை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் இயந்திரங்கள் வந்து அந்தச் சிமென்ட்டை உடைக்க ஆரம்பித்தன. மகள் வயிற்றில் இருந்தாள். பகல் முழுக்க சன்னலோரம்தான் இருப்பேன். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாயை எடுத்துவிட்டு, பூங்காவுக்குள் வளைந்து வளைந்து ஓடும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். கரையைக் கட்டிய விதம்தான் என்னைப் பிடித்துவைத்தது. பாறைகளுக்கு இடையே செடிக்கொம்புகளைச் செருகினார்கள். குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிச் சரிவில் புதைத்தார்கள். அவை வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெப்பமண்டல மழைக்கு இது தாங்குமா என்று அதே பூங்காவில் ஒரு சிறு துண்டில் முன்கூட்டியே நட்டுச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் நாணலும் கோரையும் யாரும் சொல்லாமலே செய்கிற வேலை அது. உடைத்த சிமென்ட் பாளங்களையும் வீணாக்கவில்லை. பூங்காவிலேயே குவித்து ஒரு குன்றாக்கினார்கள். என் மகள் ஓடி ஏறக் கற்றுக்கொண்டது அந்தக் குன்றில்தான்.

2012 மார்ச்சில் பூங்காவைத் திறந்தார்கள். அந்த வருடமே அம்மா வந்தாள். முதல் நாள் சாயங்காலம் கூட்டிப்போனேன். ஒன்றும் பேசாமல் புல்சரிவில் இறங்கினாள். தண்ணீருக்குக் குறுக்கே போட்டிருந்த கல்லில் உட்கார்ந்து, கையை விட்டு அளைந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "ஆறுதாண்டி இது" என்றாள். மூன்று வருடமாக அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அழுதுவிட்டேன்.

இன்னொரு நாள் நாங்கள் கரையில் இருக்கும்போதே மழை பிடித்தது. விளக்குகள் மினுக்கின, சங்கு ஊதியது, கரையைவிட்டு மேலேறச் சொல்லி ஒலிபெருக்கியில் குரல் வந்தது. நீர்மட்டத்தைப் பார்த்து எச்சரிக்கும் ஏற்பாடு. வெள்ளம் வந்தால் இந்த ஆறு புல்வெளி மேல் 100 மீட்டர் அகலம் வரை விரிந்துகொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். "அங்க தண்ணி தெறந்துவிட்டா தண்டோரா போடுவாங்க, இங்க சங்கு ஊதுறாங்க" என்றாள் அம்மா. அவள் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது.

2025இல் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இந்த ஆற்றை ஒரு தடவையாவது முழுதாக நடந்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காவிரியைத் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, 800 கிலோமீட்டர். இதை ஒரு காலையில் முடித்துவிடலாம். "நான் வராம நீ மட்டும் எப்படிப் போவ?" என்று அக்காவும் கிளம்பினார். எழுபதைத் தொட்டவர், ஆனால் நடையில் என்னை முந்துவார். புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் மூன்றும் கட்டிக்கொண்டேன். இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் முந்தின நாள் வாங்கிய மஞ்சள் கயிறும் கொஞ்சம் பூவும் தனிப் பையில்.

லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கினோம். விடிந்தும் விடியாத நேரம். காட்டுக்குள் போகும் மரப்பலகைப் பாதையில் நீண்டவால் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஆற்றை மறித்துத்தான் 1910இல் இந்த நீர்த்தேக்கத்தைக் கட்டிமுடித்தார்கள். முதலில் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றே பெயர். நகராண்மைப் பொறியாளர் ராபர்ட் பியர்ஸின் நினைவாக 1922இல் பெயர் மாறியது. கரையிலிருந்து பார்க்கும்போது நீருக்கு மேல் பஞ்சுபோல் பனி. அக்கா இரண்டு கையையும் கூப்பினார். நானும் கூப்பினேன்.

பீஷான் பூங்காவில் ஒரு சாம்பல் நாரையும், வெயில் காய்ந்த உடும்பும் கண்ணில் பட்டன. நீர்நாய்கள் இல்லை. சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. பீஷான் குடும்பம் என்று பெயர் வைத்து ஊரே கொண்டாடியது. அவை பின்னால் இதே ஆற்றோடு இறங்கி மரினா பக்கம் குடிபோய்விட்டன. பிராடல் ரோடு, தோ பாயோ ஓரம் மீண்டும் சிமென்ட் கரைதான். பெரிய சாலைகள் குறுக்கிட்ட இடங்களில் ஆற்றைவிட்டு விலகிச் சுற்றி வந்தோம். புளோக்குகளின் தாழ்வாரங்களில் தேசிய தினத்துக்காகச் சிவப்பு வெள்ளைக் கொடிகள் தொங்கின.

போத்தோங் பாசிர் வந்ததும் அக்காவின் நடை மெதுவானது. அவர் பிறந்த கம்பம், அதாவது கிராமம், இங்கேதான் இருந்தது. சுற்றிலும் சீனர்களின் காய்கறித் தோட்டங்கள். போத்தோங் பாசிர் என்றால் மலாயில் மணல் வெட்டுவது என்று பொருள். ஒரு காலத்தில் மணல் அள்ளிய இடம். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஆற்றில் வரிசைகட்டி நிற்கும் லாரிகள் ஞாபகம் வந்தன. நான் சின்ன வயதில் விளையாடிய மணல்திட்டுகள் இப்போது பள்ளங்கள்.

"எழுபத்தெட்டு டிசம்பர்ல இந்தா, இது வரைக்கும் தண்ணி" என்று அக்கா மார்பில் கைவைத்துக் காட்டினார். 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் சிங்கப்பூரில் 512 மில்லிமீட்டர் மழை பதிவானது. "எங்கம்மா அரிசி டின்ன அலமாரி மேல ஏத்துனாங்க. அலமாரியே மெதந்து போச்சு. கோழியெல்லாம் போச்சு. லோங்காங்க அகலப்படுத்துனதும்தான் நாங்க ராத்திரி நிம்மதியா படுத்தோம், தெரியுமா?" நான் வெறுத்த சிமென்ட் கால்வாயைப் பற்றி அக்கா இதற்கு முன் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசியதில்லை. பதினாறு வருடமாக என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். ஸ்ரீ சிவதுர்கா ஆலயத்தில் விளக்கேற்றிவிட்டு வெளியே வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குக் கீழே கோலாம் ஆயர். மலாயில் கோலாம் என்றால் குளம், ஆயர் என்றால் தண்ணீர். அந்தக் கோலாம் நம் குளம்தான், தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல். இத்தனை வருடமும் பஸ்ஸில் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போயிருக்கிறேன். நான் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்னால் அந்தச் சொல் கடல் தாண்டி வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறது.

பதினோரு மணிக்குக் காலாங் ஆற்றுமுகம். விளையாட்டரங்கின் கூரை எதிரே வெள்ளையாக மின்னியது. 1819இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது இங்கே ஓராங் காலாங் மக்கள் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பிறகு அவர்களை ஜொகூரில் உள்ள பூலாய் ஆற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆற்றுக்கு மட்டும் அவர்கள் பெயர் நின்றுவிட்டது. 1977இலிருந்து பத்து வருடம் பாடுபட்டு இந்த முகத்துவாரத்தைச் சுத்தப்படுத்தியிருக்கிறார்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடல் உள்ளே வர முடியாமல் இது நன்னீர் ஆகிவிட்டது. இப்போது இதுவும் ஒரு நீர்த்தேக்கத்தின் பகுதி. நாங்கள் குடிக்கிற தண்ணீர்.

அதனால் பூவையும் மஞ்சளையும் ஆற்றில் விடவில்லை. மரத்தடியில் தாள் விரித்துப் பூவை வைத்து, தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டோம். சாதத்தைப் பகிர்ந்து சாப்பிட்டோம். அக்கா புளியோதரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மஞ்சள் கயிற்றை எடுத்து, "கையக் குடு" என்று என் மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டார். ஊரில் அம்மா கட்டுவாள். மிச்சக் கயிற்றை மகளுக்கென்று பையில் வைத்துக்கொண்டு, பூவையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, காலாங் எம்ஆர்டி ரயில் நிலையத்தை நோக்கி நடந்தோம்.