பருப்பு வேகும் நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது வகுத்த அளவு எளிமையானது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கூடவே காய்கறி. 200 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளிக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ ரவை, 3 கிலோ பருப்பு. கணக்கு இவ்வளவு சுலபமாக இருப்பதால் ஒப்பந்தப்புள்ளியிலும் 'துவரம் பருப்பு, முதல் தரம்' என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். சமையல்கூடத்தைப் பிறகு படுத்துவது அந்த வரிதான்.

வெக்கையிலும் ஈரக்காற்றிலும் நெடுநாள் கிடந்த பருப்பு பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் சீக்கிரம் வேகாது. எரிவாயு கூடுதலாகச் செலவாகும். விடியுமுன் வரும் சமையல் பெண்கள் இன்னும் முன்னதாக வரவேண்டும். ஒப்பந்தப்புள்ளியின் விலை உறையில் கிலோவுக்கு மிச்சம் பிடித்த சில ரூபாய் அடுப்படியிலேயே போய்விடும். ஆகவே உடைத்த மாதம், ஈரப்பத வரம்பு, துவரையில் கலப்படமாகச் சேர்க்கப்படும் கேசரிப் பருப்பும் செயற்கை நிறமும் அறவே கூடாது என்பது, இவற்றோடு வேகும் நேரமும் நிபந்தனையில் இருக்க வேண்டும். வேகும் நேரத்தைச் சோதிக்கும் முறை இது: 100 கிராம் பருப்பு, அளந்த தண்ணீர், அரை மணி ஊறல், ஒரே குக்கர், ஒரே விசில் கணக்கு. தேறிய மாதிரியில் அரை கிலோவை இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைத்து எடுத்துவைக்க வேண்டும். சரக்கு வரும்போது மூட்டையின் வாயில் அள்ளாமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் நல்ல பருப்பும் விறைத்துக்கொள்ளும். சோதனையை அந்தக் கூடத்துத் தண்ணீரிலும் குடிநீரிலும் தனித்தனியே செய்யாவிட்டால், பழி அநியாயமாக வியாபாரி மேல் விழும்.

சிறுதானியத்துக்கு எச்சரிக்கை வேறு. கம்பு அரைத்த சில நாளிலேயே கசக்கத் தொடங்கும். அதை மாவாகக் கேட்காமல் முழுத் தானியமாக வாங்கி, தேவைக்கு அரைப்பதே சரி. சாமை, குதிரைவாலியில் கல் நீக்கியதைச் சரிபார்க்காமல் மூட்டையை இறக்கக் கூடாது. எல்லாப் பொருளையும் ஒரே ஒப்பந்தமாகக் கட்டினால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களால் ஒப்பந்தப்புள்ளியோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகைகூடக் கட்ட முடியாது. சிறுதானியத்தையும் காய்கறியையும் தனித் தொகுப்பாக, மண்டல வாரியாகப் பிரித்தால்தான் அவர்கள் உள்ளே வர முடியும். கொடுத்த சரக்கின் பட்டியல் தொகை மாதக்கணக்கில் நின்றால் அவர்களும் விலகிவிடுவார்கள்.

சாப்பாட்டில் மீந்ததை எடை போடும்போது பாத்திரத்தில் மீந்தது வேறு, தட்டில் மீந்தது வேறு என்று பதிவேட்டில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். முதலாவது கூடினால் வருகைக் கணக்கு பிசகியிருக்கிறது. இரண்டாவது சாம்பார் நாளில் கூடினால், சமைத்தவரைக் கேட்குமுன் பருப்பு மூட்டையில் இருக்கும் உடைத்த மாதத்தைப் பாருங்கள்.