வரம்பில்லாச் சாலைக்கு ஜூரோங்கிலிருந்து ஒரு வரம்பு

சிங்கப்பூரில் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு வேக வரம்பே இல்லாத சாலை என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். பலகை எதுவும் இல்லாத இடத்தில் 50 என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் நடமாட்டம் அதிகமுள்ள வட்டாரங்களில் 40, சில இடங்களில் 30. விரைவுச்சாலையில்கூட 90-தான் உச்சம். வளைவு நெளிவு இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் லிம் சூ காங் பக்கம் போகலாம். அந்தச் சாலையையும் விமானப்படைக்காரர்கள் பயிற்சி என்று சொல்லி அவ்வப்போது ஓடுபாதையாக்கிக்கொண்டதுண்டு. இப்படிப்பட்ட ஊரில், ஜூரோங்கில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் எங்கள் ஆட்கள் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று விதி எழுதும் வேலை என்னிடம் வந்தது.

எங்கள் கம்பெனி இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்யும் நடுத்தர நிறுவனம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே ஒரு வேலை கிடைத்தது. பணிக்குப் போகும் ஊழியர்கள் பிக்கப் வண்டியில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும். யார், எப்போது கிளம்புகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட ஆரம்பிக்க வேண்டும் என்றெல்லாம் பயணத் திட்டம் போடுவது என் வேலை. படிவத்தில் 'உச்ச வேகம்' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற நாடுகளுக்கு அரசாங்க வரம்பைப் பார்த்து எழுதிவிடுவேன். அது 2014. அந்த வருடம்தான் டெரிட்டரி அரசு அதே சாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் பேரோ கிரீக்குக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு, வரம்பை எடுத்துவிட்டது. கட்டத்தில் எழுத எண் இல்லை.

வரம்பில்லாமல் ஓட்டுவது அந்த ஊருக்குப் புதிதல்ல. 2006 முடியும்வரை டெரிட்டரியின் கிராமப்புறச் சாலைகளில் பொதுவான வரம்பே கிடையாது. 2007 ஜனவரி 1-இல்தான் ஸ்டூவர்ட், பார்க்லி, விக்டோரியா, ஆர்னம் ஆகிய நான்கு நெடுஞ்சாலைகளுக்கு 130, பலகை இல்லாத மற்ற கிராமப்புறச் சாலைகளுக்கு 110 என்று கொண்டுவந்தார்கள். அப்போதும் பெரிய எதிர்ப்பு. எங்கள் வாழ்க்கைமுறையில் கைவைக்கிறார்கள் என்று மக்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரியத்தான் செய்தது. டெரிட்டரி 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த இடம். மக்கள்தொகை இரண்டரை லட்சம்தான். நம் பாசிர் ரிஸையும் தெம்பனிசையும் சேர்த்தாலே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். பக்கத்து ஊருக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகும் இடத்தில் வேகம் அவர்களுக்கு வெறும் விளையாட்டு அல்ல.

விதியைப் பேசி முடிக்க அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், எங்கள் மேலாளர், பட்டறை மேற்பார்வையாளர் அண்ணன். அண்ணன் முன்பு டிரெய்லர் ஓட்டியவர். ஜொகூர் பாலம் தாண்டி பினாங்கு வரை சரக்கு கொண்டுபோய் வந்தவர். சாலைப் பாதுகாப்பு என்று யார் வாயைத் திறந்தாலும் அவருக்கு ஒரு சலிப்பு வந்துவிடும்.

"தம்பி, அந்த ஊர்ல சாவுறவன் பாதிப் பேரு பெல்ட் போடல, இல்லன்னா குடிச்சிட்டு ஓட்டினவன். நீ வேகத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிற" என்றார்.

பாதிப் பேர் என்பது அவர் கணக்கு. ஆனாலும் பெல்ட்டும் குடியும் அங்கே பெரிய பிரச்சினை என்பது உண்மைதான். ஆஸ்திரேலியாவில் மக்கள்தொகைக்கு ஏற்ப சாலை மரணம் மிக அதிகமாக உள்ள இடம் டெரிட்டரி. அதற்கு வேகம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். வரம்பை எதிர்ப்பவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் பேசினால், பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

அண்ணனுடைய அடுத்த வாதம் இன்னும் கெட்டியானது. அங்கே ரோடு டிரெயின் ஓடும். ஒரு முன்வண்டி மூன்று நான்கு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு போகும், 53.5 மீட்டர் நீளம் வரை அனுமதி. நம் இரட்டைத்தட்டுப் பேருந்து நான்கை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. கார்களுக்கு வரம்பு இல்லாத காலத்திலும் இந்தக் கனரக வண்டிகளுக்கு 100-தான். "அத ஓவர்டேக் பண்ணணும்னா என்ன பண்ணுவ? 110-ல போனா முடியுமா?" என்று கேட்டார்.

வெண்பலகையில் கணக்குப் போட்டேன். பின்னால் 40 மீட்டர் இடைவெளியில் கிளம்பி, முன்னால் 40 மீட்டர் விட்டுத் திரும்பவும் தடத்துக்கு வர வேண்டும் என்றால், ரோடு டிரெயினைவிட ஏறத்தாழ 140 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 110-இல் போனால் வித்தியாசம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். 50 விநாடி எதிர்த் தடத்திலேயே இருக்க வேண்டும். அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் போயிருப்போம். எதிரே ஒருவன் அதே வேகத்தில் வந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சாலை காலியாகத் தெரிய வேண்டும். 130-இல் போனால் 17 விநாடியில், 600 மீட்டரில் வேலை முடிந்துவிடும். அண்ணன் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, குறைந்த வேகம் எப்போதும் பாதுகாப்பு என்று பொத்தாம்பொதுவாகப் பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மேலாளர் நடுவில் வந்தார். எண்ணே வேண்டாம், 'சூழலுக்கு ஏற்ற பாதுகாப்பான வேகத்தில் ஓட்டவும்' என்று எழுதிவிடலாமே என்றார். அலுவலகத்தில் எந்தச் சண்டையையும் தீர்க்க இப்படி ஒரு வாக்கியம் கிடைத்துவிடும். அமெரிக்காவின் மான்டனா மாநிலம் இதைத்தான் செய்து பார்த்தது. 1995 கடைசியில் தேசிய வரம்பு நீங்கியதும், பகல் நேரத்தில் கார்களுக்கு எண் இல்லை, 'நியாயமாகவும் விவேகமாகவும்' ஓட்டினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். 1998 டிசம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. எந்த வேகத்தில் போனால் குற்றம் என்று ஓட்டுபவனுக்கு முன்கூட்டியே தெரிய வழியில்லை, அந்தந்தப் போலீஸ்காரர் மனசில் உள்ளதுதான் சட்டமாகிறது என்பது காரணம். அடுத்த வருடம் மணிக்கு 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டர் என்று எண் போட்டார்கள். எங்கள் விஷயத்திலும் அதேதான் நடக்கும்: விபத்து நடக்காதவரை ஓட்டியவன் விவேகி, நடந்த மறுநாள் அவன் விதியை மீறியவன். ஊழியர் தலையில் பழியைப் போட வசதியான வாக்கியம் அது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, எண் வேண்டும். எந்த எண்? விபத்துப் புள்ளிவிவரத்தைக் காட்டி முடிவெடுக்கலாம் என்றால், அங்கேதான் கிராமப்புறச் சாலை ஏமாற்றும். 200 கிலோமீட்டர் நீளம், அதில் போகும் வண்டிகளோ கொஞ்சம். ஒரு வருடம் முழுக்க ஒருவரும் சாகாமல் இருக்கலாம். அடுத்த வருடம் ஒரே வண்டியில் நான்கு பேர் இறந்துபோகலாம். இரண்டிலிருந்தும் எதையும் நிரூபிக்க முடியாது. ஒன்றும் நடக்கவில்லையே என்று ஒரு தரப்பு சொல்லும், நடக்கும்வரை காத்திருக்கப் போகிறாயா என்று மறுதரப்பு கேட்கும். யாரும் தோற்காத வாதம் முடிவதே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் பல வருடமாக இதையே பேசிக்கொண்டிருந்ததில் ஆச்சரியம் இல்லை. 1994-இல் அதே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கேனன்பால் ரன் என்ற கார் பந்தயத்தில் ஒரு ஃபெராரி சோதனைச் சாவடியில் மோதி, போட்டியாளர் இருவரும் அதிகாரிகள் இருவரும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் சாலை திறந்தே கிடந்தது.

அதனால் விபத்து எத்தனை என்பதை விட்டுவிட்டு, ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி வண்டி உருண்டால், முதலில் வேறொரு வண்டி அந்த வழியாக வர வேண்டும். செல்போன் பல இடத்தில் எடுக்காது. செய்தி போய், ஆம்புலன்ஸ் கிளம்பி, அல்லது பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் வந்து, எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட மணிக்கணக்கு. நம் ஊரில் ஆம்புலன்ஸ் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வரும் என்ற நினைப்பிலேயே வேகத்தை எடைபோடுகிறோம். 130-இல் போகும் வண்டியின் மோதும் ஆற்றல், 110-இல் போவதைவிட 40 விழுக்காடு அதிகம். ஓட்டுபவன் திறமைசாலியா என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. மிச்சமாகும் நேரத்தையும் பார்க்க வேண்டுமே: 200 கிலோமீட்டருக்கு 17 நிமிடம்.

அப்போது ஆலிஸில் ஏற்கெனவே இருந்த எங்கள் தொழில்நுட்பர் ஒருவரிடம் போனில் பேசினேன். தென்காசிப் பக்கத்துப் பையன். நான் எண்களை அடுக்கிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, பகல்ல நீங்க எந்த நம்பர் போட்டாலும் எனக்குப் பிரச்சினையில்ல. ஆறு மணிக்கு மேல 80-ல போகவே பயமா இருக்கு. மாடு நடு ரோட்டுல படுத்திருக்கு."

நான் போட்டிருந்த கணக்கில் மாடு இல்லை; அது வந்ததும் பேச்சின் திசையே மாறிவிட்டது. பெரும் பண்ணைகளுக்கு அங்கே பல இடங்களில் சாலையோரம் வேலி கிடையாது. வெயில் இறங்கினாலும் தார் சூடு ஆறாது. அந்தச் சூட்டுக்கு மாடு வந்து படுக்கும். கங்காருவுக்கும் அந்திதான் நடமாடும் நேரம். முன்விளக்கின் தாழ்வெளிச்சத்தில் 60 மீட்டர் தெரிந்தால் பெரிது. 110-இல் வரும் பிக்கப், ஓட்டுபவர் சுதாரித்துப் பிரேக் அடித்து நிற்பதற்கு 125 மீட்டராவது ஓடிவிடும். இரவில் 110-உம் தப்பு, 130-உம் தப்பு. பல வாடகைக் கார் நிறுவனங்கள் இதைக் கண்டுகொண்டு, பொழுது சாய்ந்தபின் ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது, மீறினால் காப்புறுதி கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கின்றன. அரசாங்கம் வரம்பை எடுத்தாலும் காப்புறுதிக்காரர் எடுக்கவில்லை, பாருங்கள்.

கடைசியில் கட்டத்தில் எழுதியது: பகலில் 110, சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே ஊருக்குள் இருக்க வேண்டும், இரவில் வண்டி எடுக்கக் கூடாது. பகல் வேகத்தைவிட இரவுத் தடைக்குத்தான் மேலாளரோடு அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் அதனால் ஒரு நாள் விடுதிச் செலவு கூடியது. அண்ணனோ, "அப்ப ரோடு டிரெயின்?" என்று விடாமல் கேட்டார். தனி முந்துதடம் வரும்வரை முந்தக் கூடாது, பின்னாலேயே போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும் முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். அவருடைய 17 விநாடிக்கு என்னிடம் பதில் இல்லை, அந்தச் சூழ்நிலையே வராமல் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான்.

2016 நவம்பரில் புதிய அரசு அந்தப் பகுதிக்கு 130 வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. எங்கள் விதி மாறவில்லை. பையன்களுக்குக் குறை இல்லாமலும் இல்லை: ரோடு டிரெயின் பின்னால் மணிக்கணக்காகப் போனால் புழுதி, போதாக்குறைக்குச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல். முன்கண்ணாடி விரிசல் விட்டு மாற்றிய பில் அடிக்கடி வரும். கணக்குப் பிரிவில் ஒவ்வொரு முறையும் ஏன் என்று கேட்பார்கள். பட்டறையிலிருந்து அண்ணன்தான் பதில் அனுப்புவார்: "தம்பி போட்ட ரூலு. கண்ணாடிதானே, கட்டுங்க."