எச்-1பி1 விசா: வழக்கறிஞரை நம்பினாலும் முதல் பக்கத்தைப் பாருங்கள்

அமெரிக்க-சிங்கப்பூர் தடையற்ற வர்த்தக உடன்பாடு 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ், பட்டப்படிப்பு தேவைப்படும் நிபுணத்துவ வேலை கிடைத்த சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எச்-1பி1 என்றொரு தனி விசா உண்டு, நிரந்தரவாசிகளுக்குக் கிடையாது. ஆண்டுக்கு 5,400 இடங்கள் ஒதுக்கப்பட்டும் அவை நிரம்பாமலே இருந்துவருகின்றன. குலுக்கல் இல்லை, அமெரிக்கக் குடிநுழைவுத் துறையிடம் முன்கூட்டியே மனுப் போட வேண்டியதும் இல்லை. அந்நாட்டுத் தொழிலாளர் துறை சான்றளித்த எல்சிஏ என்ற ஊதிய உறுதிமொழிப் படிவத்தோடு நேராகத் தூதரகத்துக்குப் போகலாம். இவ்வளவு எளிதான வழியில் நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டதற்கு ஒரே காரணம், இடையில் வந்த ஒவ்வொருவரும் இதை, குலுக்கலில் கிடைக்கும் வழக்கமான எச்-1பி வேலை விசா என்றே நினைத்துக்கொண்டதுதான்.

வேலை கொடுத்த நிறுவனத்தின் மனிதவள அதிகாரி, மார்ச் மாதக் குலுக்கலில் பெயர் விழுந்தால் அக்டோபரில் சேரலாம் என்று எழுதியபோதே எனக்குச் சுருக்கென்றது. இரண்டு விசாக்களும் வேறு வேறு என்று விளக்கி, அமெரிக்க அரசாங்கத்தின் இணையப்பக்கச் சுட்டிகளையும் சேர்த்து அனுப்பினேன். விஷயம் அவர்களுடைய வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனது. “எங்களுக்கு இது பழக்கமான வேலைதான்” என்று அங்கிருந்து பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பி நிம்மதியாக உறங்கிய இரவுகளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

எல்சிஏ என்பது, அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்துக்குக் குறையாமல் கொடுப்போம் என்று முதலாளி தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் உறுதிமொழி. வழக்கமாக 7 வேலை நாளில் சான்று கிடைத்துவிடும். அதில் ஊழியரின் பெயர் இருக்காது என்பதால், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் பல நிறுவனங்கள் அதைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. என்னுடையதும் நேர்காணலுக்கு முந்தைய இரவுதான் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. சான்று கிடைத்த அன்றே பிரதியை அனுப்பச் சொல்லி விடாப்பிடியாகக் கேளுங்கள்.

டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம், கட்டணம், நேர முன்பதிவு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. புகைப்படம் மட்டும் ஓர் அலைச்சலைக் கொடுத்தது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் நான் போன கடைக்காரர், “பாஸ்போர்ட்டுக்குத்தானே தம்பி, எல்லா ஊருக்கும் ஒரே சைஸுதான்” என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியோடு படமெடுத்து, 35-க்கு 45 மில்லிமீட்டரில் வெட்டிக் கொடுத்துவிட்டார். அது நம் ஊர்க் கடப்பிதழுக்கான அளவு. அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம் வேண்டும். 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடியும் கூடாது. திரும்பப் போய், “அண்ணே, இது அமெரிக்காவுக்கு” என்றதும் காசு வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்தார். இந்தக் கதையில் தவற்றை உடனே திருத்திக்கொடுத்த ஒரே மனிதர் அவர்தான்.

நிறுவனத்தின் கடிதத்தையும் வரிவரியாகப் படித்துவிடுங்கள். எனக்கு முதலில் வந்த கடிதத்தில் ‘நிரந்தரப் பணி’ என்று இருந்தது. எச்-1பி வைத்திருப்பவர் பச்சை அட்டைக்கு, அதாவது அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு, மனுப் போட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். எச்-1பி1-க்கு அந்தச் சலுகை இல்லை; வேலை முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று நாம் அதிகாரிக்குக் காட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ‘நிரந்தரம்’ என்ற சொல் நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு. போதாக்குறைக்கு, பெயரில் ‘இன்னாரின் மகன்’ என்பதற்காக உள்ள ‘எஸ்/ஓ’வைச் சாய்கோடு நீக்கி ‘சோ’ என்று குடும்பப்பெயராகவே ஆக்கியிருந்தார்கள். தற்காலிகப் பணி, ஓராண்டு, கடப்பிதழில் உள்ளபடியே பெயர் என்று மாற்றி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

நேப்பியர் சாலையில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். பெற்றோருடன் சேர்ந்து வாங்கிய ஈசூன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பத்திரம், மசே நிதி (மத்திய சேம நிதி) கணக்கறிக்கை, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். அதிகாரி அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. எல்சிஏ-யின் முதல் பக்கத்தை எடுத்தார், முதல் கேள்வியில் விரலை வைத்தார், தாளை என் பக்கம் திருப்பி, எங்களுக்கு இடையில் இருந்த கண்ணாடித் தடுப்போடு ஒட்டிக் காட்டினார். எந்த வகை விசா என்ற அந்தக் கேள்விக்கு எச்-1பி, எச்-1பி1 சிலி, எச்-1பி1 சிங்கப்பூர், இ-3 ஆஸ்திரேலியா என நான்கு கட்டங்கள் உண்டு. ‘பழக்கமான வேலை’ செய்தவர்கள் முதல் கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். அதிகாரி மிகவும் மரியாதையாகவே, இதைக்கொண்டு விசா தர இயலாது, சரியான படிவம் வந்ததும் அனுப்புங்கள் என்று 221(ஜி) பிரிவின்கீழ் ஒரு தாளைக் கொடுத்தார். இணையத்தில் நிலவரம் பார்த்தால் ‘மறுக்கப்பட்டது’ என்றே காட்டும்; வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அது கேட்ட ஆவணம் வரும்வரைக்குமான நிலைதான், இறுதி முடிவு அன்று.

இதைக் கண்டுபிடிக்க முழுப் படிவத்தையும் படிக்கக்கூடத் தேவையில்லை. எல்சிஏ-யின் வழக்கு எண் ஐ-202 என்று தொடங்கினால் அது சிங்கப்பூருக்கானது. ஐ-200 என்றால் எச்-1பி, ஐ-201 என்றால் சிலி, ஐ-203 என்றால் ஆஸ்திரேலியா. என் கையில் இருந்தது ஐ-200.

சான்றளிக்கப்பட்ட எல்சிஏ-யைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். அதே வாரம், 2025 செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி மனுக்களுக்கு 100,000 டாலர் கட்டணம் என்ற அதிபரின் ஆணை வெளியானது. அதுவரை அசையாமல் இருந்த மனிதவளப் பிரிவு அன்றைக்கு மட்டும் மின்னல் வேகத்தில் எழுதி, எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொன்னது. நமக்கு மனுவே இல்லை, இது அந்த விசாவும் இல்லை என்று மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினேன். அவர்கள் தெளிந்து தலையசைப்பதற்குள் அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசாங்கம் முடங்கி, தொழிலாளர் துறையின் விண்ணப்பத் தளமும் மூடப்பட்டுவிட்டது. அக்டோபர் 31-ஆம் தேதி அது மீண்டும் திறந்த பிறகுதான் புதிய படிவத்தைப் போட முடிந்தது. இம்முறை, அனுப்பும் முன் முதல் பக்கத்தை எனக்குக் காட்டாமல் பொத்தானை அழுத்தக் கூடாது என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டேன்.

பிறகு எல்லாம் சுருக்கமாக முடிந்தது. படிவத்தை அனுப்பினேன், விசா ஒட்டிய கடப்பிதழ் வந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விசா 18 மாதம் வரைக்கும் செல்லலாம், ஆனால் அங்கே தங்க ஒரு நேரத்தில் ஓராண்டுதான் அனுமதி. விமான நிலையத்திலும் இதை எச்-1பி என்று பதிந்துவிட வாய்ப்புண்டு என்பதால், இறங்கிய உடனே இணையத்தில் ஐ-94 என்ற நுழைவுப் பதிவைத் திறந்து வகையையும் தேதியையும் சரிபார்க்க வேண்டும். மனைவியையோ கணவரையோ அழைத்துச் செல்பவர்கள், எச்-4 என்ற குடும்பத்தினருக்கான விசாவில் வருபவர் அங்கே வேலை செய்ய முடியாது என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவெடுத்துக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியரின் இ-3-இல் துணைவருக்கு அந்த உரிமை உண்டு, நமக்கு இல்லை.

வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து இன்றுவரை வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட வரவில்லை. எல்சிஏ-க்குத் தொழிலாளர் துறை ஒரு காசும் வாங்குவதில்லை என்றாலும், இரண்டாவது எல்சிஏ-யைத் தயாரித்துக் கொடுத்ததற்கான கட்டணப் பட்டியலை மட்டும் நிறுவனத்துக்குத் தவறாமல் அனுப்பியிருக்கிறார்கள்.