வேலிகாத்தான் கட்டைக்கு மருந்து பூசியதில் பட்டதும் தெரிந்ததும்

பாராகுவாட் களைக்கொல்லி டப்பாவைக் கையில் திணித்து அனுப்பிய கடைக்காரர் மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல மரம் வேரோடு சாகும் மருந்து வேண்டும் என்று தெளிவாகத்தான் கேட்டேன். "வேலிகாத்தானுக்கா? இதை அடியுங்கள், மூன்றே நாளில் கருகிவிடும். வேர் வரைக்கும் இறங்கும்" என்றார். கருகத்தான் செய்தது. இலையெல்லாம் தீயில் வாட்டியதுபோல் சுருண்டு உதிர்ந்தது. அடுத்த மாதமே அதே தூர்களில் கொத்துக் கொத்தாகத் துளிர் வந்து நின்றது.

பாராகுவாட் பட்ட இடத்தை மட்டும் எரிக்கும் மருந்து. செடிக்குள் ஓடி வேருக்குப் போகாது. அதை விடக் கொடுமை, அது வாய்க்குள் போய்விட்டால் முறிவு மருந்து கிடையாது. இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கையுறை இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் விற்றார். பில் கேட்டதற்கு, "புத்தகம் தீர்ந்துவிட்டது, அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இல் வந்தது. உரிமம் வாங்கி விற்பவர் பில் தந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் மருந்து போலி என்றாலும் காலாவதி என்றாலும் நம்மால் எங்கும் போய்க் கேட்க முடியாது.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்களுக்கு ஒரு கொல்லை உண்டு. தாத்தா காலத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விளைந்த மண். பல வருடம் தரிசாகக் கிடந்ததில் வேலிகாத்தான் மண்டிவிட்டது. முதலில் பொக்லைன் வைத்துப் பிடுங்கினோம். பெரிய மரங்கள் வேரோடு வந்தன. ஆனால் பாதி இடத்தில் தூர் முறிந்து, அடிப்பாகம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. இந்த மரத்துக்குத் தரைமட்டத்துக்குக் கீழே, வேரும் தண்டும் சேரும் இடத்தில் மொட்டுகள் இருக்கின்றன. அந்தப் பகுதி உயிரோடு இருக்கும்வரை மேலே எத்தனை முறை வெட்டினாலும் முளைக்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டு வரும். பொக்லைனுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருந்த உதவி வேளாண்மை அலுவலர்தான் முதன்முதலில் உருப்படியாகப் பேசினார். வளர்ந்த மரத்துக்கு இலையில் தெளிப்பது வீண், வெட்டிய கட்டையில் பூச வேண்டும், அதற்கு உள்ளே ஓடக்கூடிய மருந்து வேண்டும் என்றார். அமெரிக்காவின் டெக்சாஸில் இதற்கு நெருங்கிய உறவான மரத்துக்கு டிரைக்ளோபைர் என்ற மருந்தை டீசலில் கலந்து அடிமரத்தில் அடிக்கிறார்கள். நான் விசாரித்த கடைகள் எதிலும் அது இல்லை. எனக்குக் கைக்கு எட்டியது கிளைபோசேட் என்ற, உள்ளே ஓடும் களைக்கொல்லிதான்.

அங்கேதான் அடுத்த சிக்கல். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அது. தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத நிலத்துக்கும்தான் அதற்கு அனுமதியே. கடைகளில் என்ன நடக்கிறது? முதலில் "இல்லை" என்பார்கள். கொஞ்ச நேரம் நின்றால் உள்ளேயிருந்து ஒரு கேன் வரும், விலை கூடுதலாக, பில் இல்லாமல். ஏற்கெனவே பட்டிருந்ததால் நான் வாங்கவில்லை.

உரிமம் உள்ளவரைத் தேடியதில்தான் கால் தேய்ந்தது. கடலூரில் கரையானுக்கு மருந்து அடிக்கும் ஒரு நிறுவனத்தில், "வீடும் ஓட்டலும் மட்டும்தான் செய்வோம், கொல்லைக்கெல்லாம் வரமாட்டோம்" என்று போனிலேயே முடித்துவிட்டார்கள். இன்னொருவர் வருவதாகச் சொல்லி நாள் குறித்தார். ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, ரம்பத்தைக் கூர்தீட்டி வைத்துக் காத்திருந்தால், அன்று காலை போனை எடுக்கவே இல்லை. ஆட்களுக்கு அரைக்கூலி கொடுத்து அனுப்பினேன். கடைசியில் கிடைத்தவர் நல்ல மனிதர். உரிமத்தைக் காட்டுங்கள் என்றதும் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார். நீங்களும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைக்கு எந்த மருந்தும் நிற்காது. பொங்கல் முடிந்து, மண் ஈரம் இருக்கும்போதே, மரம் நன்றாகத் தழைத்திருக்கும் வாரங்களாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். மரம் வாடிக் கிடக்கும் கோடையில் மருந்து கீழே இறங்காது.

வேலை தொடங்கிய அன்று முதல் தகராறு தண்ணீரில். மருந்து கலக்க உதவியாளர் பையன் வாய்க்காலில் வாளியை முக்கிக்கொண்டு வந்தான். கலங்கல் தண்ணீர். கிளைபோசேட் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். போர் தண்ணீரும் எங்கள் ஊரில் உப்பு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டையில் பூசுவதற்கு மருந்துக்குச் சம அளவுதான் தண்ணீர், அதற்கு ஒரு கேன் குடிதண்ணீர் தாராளம். கடையிலிருந்து வரவழைத்து அதில்தான் கலந்தோம்.

அடுத்தது வெட்டும் முறை. ஆட்கள் காலை முழுக்க வெட்டிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பூசலாம் என்றார்கள். அவர்களுக்கு அது சுலபம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் அறுக்க, பக்கத்திலேயே ஒருவர் பெயின்ட் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருக்க வேண்டும், கட்டை விழுந்த சில நிமிடங்களுக்குள் பூசிவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

ஏன் என்று கட்டையைக் குனிந்து பார்த்தால் தெரியும். நடுவில் கருஞ்சிவப்பாக வைரம். அதைச் சுற்றி வெளிர்மஞ்சளாக இளமரம். அதற்கும் பட்டைக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு வளையம், அறுத்த உடனே ஈரத்தில் பளபளவென்று இருக்கிறது. உயிர் ஓடுவது அந்த வளையத்தில்தான். மருந்து அதன் வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டால் பிசின் கட்டி, காய்ந்து, மங்கிவிடுகிறது. நடு வைரத்தில் ஊற்றுகிற மருந்தெல்லாம் வீண். மரத்தூளைத் துணியால் துடைத்துவிட்டு, விளிம்பைச் சுற்றி மட்டும் நனையப் பூசினால் போதும். ஒரே தூரில் எத்தனை தண்டு இருக்கிறதோ அத்தனையையும் தரையை ஒட்டி அறுத்துப் பூச வேண்டும். ஒன்றை விட்டாலும் அது வழியாகத் தூர் பிழைத்துக்கொள்கிறது.

பூசியது எது, பூசாதது எது என்று குழப்பம் வந்தது. ஓர் ஆள் சுண்ணாம்பு தடவி அடையாளம் வைக்கலாம் என்றார். சுண்ணாம்பு இந்த மருந்துக்கு ஆகாது என்று தடுத்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கலவையில் சில சொட்டு விட்டோம். நீலமான கட்டை முடிந்தது, வெள்ளையானது பாக்கி. அன்றைய நாளில் எனக்கு மிகவும் திருப்தி தந்த விஷயம் அதுதான்.

மேற்கு ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் நான் சொன்னபடி நடக்கவில்லை. பட்டா விஷயமாக ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து நான் கிளம்பிய நேரத்தில், ஆட்கள் தங்கள் வழிக்குப் போய்விட்டார்கள். வெட்டிப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்து பூசினார்கள். பிறகு துளிர் வந்தது பெரும்பாலும் அந்த வரிசையில்தான். மற்ற கட்டைகள் பட்டை கழன்று, உலர்ந்து நின்றன.

வேலிகாத்தான் ஒழிந்து வெயில் பட்டதும் பார்த்தீனியம் என்ற களை வந்தது. அடுத்த மழைக்கு நிலம் தெரியாமல் முளைத்தது. கையால் பிடுங்கிய அம்மாவுக்கு முழங்கை வரை தடித்து அரிப்பெடுத்து, தோல் மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. தயவுசெய்து வெறுங்கையால் தொடாதீர்கள்.

பார்த்தீனியத்துக்கு 2,4-டி என்ற களைக்கொல்லியின் சோடியம் உப்பு, 80 சதவீதத் தூள். லிட்டருக்கு 8 கிராம், பூப்பதற்கு முன்னால் அடிக்க வேண்டும். இது அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும், அருகம்புல்லை ஒன்றும் செய்யாது. அதுதான் எனக்கும் தேவை. புல் மூடிக்கொண்டால் பார்த்தீனியம் மறுபடி தலைதூக்க இடம் குறையும்.

இந்த முறை வேறு கடை. சோடியம் உப்பு என்று எழுதியே கொடுத்தேன். வந்தது திரவம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஈத்தைல் எஸ்டர், 38 சதவீதம். "இரண்டும் 2,4-டிதான் சார், ஒன்றும் வித்தியாசமில்லை" என்றார் கடைக்காரர். வித்தியாசம் இருக்கிறது. எஸ்டர் வெயில் சூட்டில் ஆவியாகி, தெளித்து முடித்த பிறகும் பக்கத்து வயலுக்குப் போகும். உப்பு அந்த அளவுக்கு ஆவியாகாது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டறிக்கையில் தமிழிலும் அச்சிட்டிருக்கிறார்கள், எழுத்து பொடியாக இருந்தாலும் படித்துவிடலாம். கடையிலேயே பிரித்துப் படித்துக் காட்டினேன். கையில் பில் இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. எங்கள் கொல்லைக்குக் கிழக்கே அவருடைய கத்தரித் தோட்டம். முந்தைய ஆண்டு அந்தப் பக்கத்துக் கரும்பு வயலில் யாரோ 2,4-டி அடித்தது காற்றில் வந்து, காய்க்கத் தொடங்கிய செடிகளைக் கெடுத்துவிட்டது. அந்தச் செடியை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். காம்பு முறுக்கிக்கொண்டு, கொழுந்து இலை அகலமே இல்லாமல் நீண்டு, நரம்புகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. நோய் என்று நினைத்து அவர் பூச்சி மருந்துக்கு வேறு செலவழித்தார். கத்தரி, தக்காளி, பருத்தி மூன்றுக்கும் இந்த மருந்தின் சாரல்கூட ஆகாது.

கூலிக்குத் தெளிக்க வந்தவர் வெயில் ஏறிய பிறகு வந்தார். மேல்காற்று கிழக்கே அடித்துக்கொண்டிருந்தது. தெளிப்பானில் பூச்சி மருந்துக்குப் போடும், புகைபோல் அடிக்கும் நாசில். களைக்கொல்லிக்கு விசிறிபோல் விரியும் நாசில்தான் போட வேண்டும், துளி பெரிதாக விழுந்தால்தான் காற்றில் பறக்காது. டேங்கில் முன்பு என்ன மருந்து இருந்தது என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். "ஒரு நாள் கூலி போச்சு அண்ணா" என்று வருத்தப்பட்டார். பஸ் செலவைக் கொடுத்தேன். அதற்கு மேல் இறங்கி வரவில்லை.

களைக்கொல்லிக்கு என்றே பழைய கைத்தெளிப்பான் ஒன்றை வாங்கி, மேலே சிவப்பு பெயின்டால் எழுதி வைத்துவிட்டேன். சோப்புத் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் 2,4-டி டேங்கின் ஓரத்திலும் குழாயிலும் தங்கும். அதே டேங்கில் பிறகு கத்தரிக்கு மருந்து அடித்தால் பயிர் போய்விடும்.

மறுநாள் விடியற்காலை சித்தப்பாவே வந்தார். ஒரு சிட்டிகை புழுதியை அள்ளி மேலே தூவிப் பார்த்தார். நேராக விழுந்தது. "இப்போது அடி தம்பி, வெயில் வருவதற்குள் முடி. என் வேலி ஓரத்தை மட்டும் விட்டுவிடு" என்றார். அந்த ஓரம் முழுவதையும் ஈர மண்ணிலேயே கையுறை போட்டுப் பிடுங்கினோம். அன்று பகலில் மழை இல்லை. செடிகள் சில நாளில் முறுக்கிக்கொண்டு சாய்ந்தன. கத்தரி நன்றாக இருக்கிறது, சித்தப்பா இரண்டு பை காய் கொடுத்தனுப்பினார். காலி டப்பாக்களை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றித் தரிசில் அடித்து, டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டேன். தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை.

வாய்க்கால் கரைதான் இன்னும் பாக்கி. அங்கே நெய்வேலி காட்டாமணக்கும் சில பெரிய வேலிகாத்தான் மரங்களும் நிற்கின்றன. தண்ணீர் ஓடும் இடத்தில் மருந்து அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மீனும் மாடும் அந்தத் தண்ணீரில் இருக்கின்றன. காட்டாமணக்கை வெட்டிக் கரையிலேயே போட்டால் தண்டிலிருந்து மறுபடி வேர் விடும், அதனால் தூக்கி மேட்டில் போட்டுக் காயவைக்க வேண்டும். ஆனால் கரை புறம்போக்கு. மரத்தில் கை வைக்க அனுமதி வேண்டும். ஓர் அலுவலகத்தில் அடங்கல் கேட்டார்கள், கொடுத்தேன். புல வரைபடம் கேட்டார்கள், எடுத்துப் போனால் சர்வேயர் விடுப்பு. கடைசியில் அந்த எழுத்தர், "இது எங்கள் வாய்க்கால் இல்லை" என்று வேறோர் அலுவலகத்தைக் கை காட்டினார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அதற்குள் அந்த மரங்களின் நெற்று என் நிலத்தில் விழுகிறது. ஆடும் மாடும் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. விரல் நீளக் கன்றாக இருக்கும்போதே மழை ஈரத்தில் ஆணிவேரோடு பிடுங்கிவிடுகிறோம். இதற்கு மருந்தே தேவையில்லை, வாரம் ஒரு நடை நடந்தால் போதும். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதியாகிவிட்டது. அடங்கல், வரைபடம், கரையின் புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கூட வருகிறார்.